கோர்ட்டு கலையறதுக்குள்ள ஒரு வளைகாப்பு

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். எழுதற பழக்கம் இல்லை. ஒரு வரி எழுதினா அடுத்த வரி கோணிக்கிட்டுப் போகுது, முன்னாடி நடந்தது பின்னாடியும் பின்னாடி நடந்தது முன்னாடியும் வந்து உட்கார்ந்துக்குது. மறதி வேற. படிக்கிறவங்க பொறுத்துக்கணும். வாயால சொல்லலாம்னா நாலு பேர் எதிர்ல எனக்குப் பேச்சு வராது. அதனால எழுதறேன்.

சுனாமி வந்ததுக்கு அடுத்த வருஷம், ஆவணி மாசம். என் பொண்ணைச் செங்கல்பட்டுல குடுத்திருந்தோம். ரெண்டு தடவை கரு தங்காமப் போயி, மூணாவது தடவை ஏழு மாசம் தாண்டியிருந்தது. அவ மாமியார், அதாவது என் சம்பந்தியம்மா, ஜோசியர்கிட்ட நேரம் குறிச்சு வாங்கிட்டு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாங்க. புதன்கிழமை வளைகாப்பு. பன்னெண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துடும், அதுக்குள்ள பெத்தவ கையால முதல் வளையல் ஏறிடணும். "இந்தத் தடவையாவது நேரம் தவறக் கூடாதுன்னு சம்பந்திகிட்ட சொல்லு" என்று சொன்னாங்களாம். இந்தத் தடவையாவதுங்கிற அந்த வார்த்தை என் நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னுடுச்சு. போன ரெண்டு தடவையும் நானா நேரம் தவறினேன்? ஆனா கேட்க எனக்கு வாய் ஏது.

எங்க ஊர் மரக்காணம். உப்பளத்து வேலை. அன்னைக்குப் பார்த்து வானம் மூடிக்கிட்டு நின்னது. பாத்தியில விளைஞ்ச உப்பை மழைக்கு முன்னாடி வாரலைன்னா அத்தனையும் கரைஞ்சு கடலுக்கே போயிடும். அதனால ஆம்பளைங்க ஒருத்தரும் வரலை. மேஸ்திரிகிட்ட கெஞ்சி லீவு வாங்கிக்கிட்டுப் பொம்பளைங்க ஏழு பேர் கிளம்பினோம். நான், என் நாத்தனார், என்கூட உப்பு சுமக்கிறவங்க அஞ்சு பேர். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல்னு கிளறி எவர்சில்வர் தூக்குல அடைச்சு வாயைத் துணியால கட்டினோம். வளையல், பூ, பழம் எல்லாம் தாம்பாளத்துல.

"ட்ரெயின்ல வாங்க, ஸ்டேஷனுக்குப் பின்னாடிதான் வூடு"ன்னு மாப்பிள்ளை சொல்லியிருந்தார். எங்க பக்கத்துல ட்ரெயின் கிடையாது. திண்டிவனம் போய்த்தான் ஏறணும். ஏழு பேர்ல ஒருத்தரும் அதுவரைக்கும் ட்ரெயின்ல ஏறினதே இல்லை. கேட் போட்டிருக்கிறப்போ பஸ்ஸுல உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததோட சரி.

நாங்க வந்த பஸ் பெருமுக்கல் தாண்டி பஞ்சர். ஸ்டெப்னி மாத்திக்கிட்டுத் திண்டிவனம் வந்து, ஸ்டேஷனுக்கு ஓட்டமா ஓடினா ட்ரெயின் நிக்குது. வாசல்ல ஒரு ஜன்னல், அதுக்கு முன்னாடி வரிசையா ஜனம். என்னத்துக்கு நிக்கிறாங்கன்னு எனக்கு ஒரு யோசனை வந்தது. கேட்கக் கூச்சம்.

"அது மெட்ராஸ், மதுரைன்னு தூரம் போறவங்களுக்கு அண்ணி" என்று நாத்தனாரே சொல்லிட்டாள். "நாம இங்க இருக்கிற செங்கல்பட்டுக்குத்தானே போறோம். ஏறு ஏறு, உள்ள வந்து குடுப்பான்."

அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஏறிட்டோம்.

உள்ள ஏறினதும் எங்களுக்குத் தலை கால் புரியலை. எவ்வளவு இடம்! பஸ்ஸுல தூக்கை மடியில வச்சிக்கிட்டு, கண்டக்டர் லக்கேஜுக்குக் காசு கேட்பானோன்னு முந்தானையால மூடிக்கிட்டு வர்றவங்க நாங்க. இங்க காலை நீட்டி உட்காரலாம். கக்கூஸ் கூட இருக்குதுன்னு ஒருத்தி போய்ப் பார்த்துட்டு வந்து, அது வழியா கீழே தண்டவாளம் ஓடறது தெரியுதுன்னு சொன்னதும் மத்தவங்களும் ஒவ்வொருத்தரா போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. நானும் போனேன். பொய் சொல்வானேன்.

டிக்கெட் காசை நான்தான் கையில் சுருட்டி வச்சிருந்தேன். மருவத்தூர் வந்தது. கண்டக்டர் வரலை. மதுராந்தகம் தாண்டிடுச்சு. வரலை.

"பாவம், எவ்வளவு நீளம் வண்டி" என்று நாத்தனார் சொன்னாள். "ஒரே ஆளு கடைசியில இருந்து போட்டுக்கிட்டு வரணும் இல்ல."

எனக்கு உள்ளுக்குள்ள பதைப்பு. இறங்கறதுக்குள்ள அவன் வரணுமே, காசு குடுக்காம இறங்கினா மாப்பிள்ளை ஊர்ல மானம் போயிடுமேன்னு. பாலாத்துப் பாலத்து மேல வண்டி தடதடன்னு போறப்போ பக்கத்துத் தடுப்புல ஒரு கறுப்புக் கோட்டு தெரிஞ்சது. கையில் ரசீது புக்கு. எங்க பக்கம் வராம அவர் பாட்டுக்கு அந்தக் கதவு வழியா அடுத்த பெட்டிக்குப் போகப் பார்த்தார். நாத்தனார் எழுந்து நின்னு கை தட்டினாள்.

"யோவ் கண்டக்டரு! இங்க ஏழு பேர் உட்கார்ந்திருக்கோம், கண்ணு தெரியலையா? எவ்ளோ நேரமா காத்துக்கிட்டு இருக்கிறது?"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவர் வந்தார். நான் கசங்கின நோட்டை நீட்டினேன்.

"ஏழு செங்கல்பட்டு குடு சார்" என்று நாத்தனார் சொன்னாள். "தூக்குக்கும் சேர்த்துப் போட்டுக்க, அப்புறம் இறங்கற நேரத்துல தகராறு பண்ணக் கூடாது."

"டிக்கெட்டைக் காட்டுங்கம்மா."

"நீ குடுத்தாத்தானே காட்ட முடியும்?"

அவர் எங்க ஏழு பேரையும் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். எதிர் சீட்டுல பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தவர் பேப்பரை மூஞ்சிக்கு நேரா தூக்கிக்கிட்டார், பேப்பர் குலுங்குது. அப்புறம் பெட்டி பூரா சிரிப்பு.

"யம்மா, நான் கண்டக்டர் இல்ல, டிடிஆரு" என்றார் அவர். "என்னைப் பார்த்தா ஓடறவங்களைத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன். கை தட்டிக் கூப்பிட்டுப் புடிச்சிக்கோன்னு சொன்னவங்க நீங்கதான்."

அந்த ஜன்னல் எதுக்குன்னு அப்பதான் விளங்கிச்சு. ஃபைன் எவ்வளவுன்னு அவர் சொன்னதும் எங்க ஏழு பேர் மடியையும் அவுத்துக் கொட்டினாலும் பத்தாதுன்னு தெரிஞ்சது. "விட்டுடுங்க சார், வளைகாப்பு"ன்னு கெஞ்சினோம். அவருக்கும் எங்களைப் புடிச்சுக் குடுக்க மனசு இல்லை. ஆனா அன்னைக்குப் பார்த்து ஸ்டேஷனுக்கு ஜட்ஜே வந்து உட்கார்ந்திருக்காராம், டிக்கெட் இல்லாதவங்களைப் புடிச்சு அங்கேயே கேஸ் நடக்குதாம். "கொண்டு போய் நிறுத்தித்தான் ஆகணும்மா. என் வேலை" என்றார்.

இறங்கி ப்ளாட்பாரத்துல வரிசையா போனோம். முன்னாடி கறுப்புக் கோட்டு. பின்னாடி நான் பூத்தாம்பாளத்தோட. எனக்குப் பின்னாடி தூக்கு தூக்கா சாதம். கடைசியில ஒரு பொம்பளைப் போலீஸ். மூட்டை தூக்கற ஒருத்தர் வழி விட்டு நின்னு, "எந்த மண்டபம்மா?" என்று கேட்டார்.

"கோர்ட்டு மண்டபம்" என்று நாத்தனார் சொன்னாள். "நீயும் வாய்யா, சாப்பாடு இருக்குது."

பின்னாடி வந்தவளுக்குச் சிரிப்பு புடிச்சிக்கிச்சு. உப்பளத்துல ஒருத்திக்குச் சிரிப்பு வந்தா வரிசையா எல்லாருக்கும் வரும், தலையில கூடை இருந்தாலும் நிக்காது. எனக்கும் வந்தது. வயித்துல பயம், வாயில சிரிப்பு. தாம்பாளத்துல வளையல் கிலுகிலுன்னு ஆடுது.

ஸ்டேஷன் பின்பக்கம் ஒரு பெரிய ரூம். ஒரு கோடியில மேஜை போட்டு ஜட்ஜையா. சுவர் ஓரமா எங்களுக்கு முன்னாடி புடிபட்டவங்க. காலேஜ் பசங்க, பூ வியாபாரி, தூங்கி வழியற ஒருத்தர். எங்களைக் கூப்பிட்டாங்க. நான் நாத்தனார் முதுகுக்குப் பின்னாடி நின்னேன்.

"எந்த ஊரு?"

"மரக்காணங்க ஐயா. உப்பளத்து வேலைங்க" என்று நாத்தனார்.

"டிக்கெட் வாங்கிட்டுத்தான் ட்ரெயின்ல ஏறணும்னு தெரியாதா? உங்க ஊர்ல ட்ரெயின் இல்லையா?"

"கடல்தாங்க இருக்குது."

எழுதிக்கிட்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்திட்டார். டிடிஆர் தானாவே முன்னாடி வந்து, இவங்க ஒளியலைங்க ஐயா, இவங்களாத்தான் என்னைக் கூப்பிட்டாங்கன்னு சொன்னார். ஜட்ஜையா, டிக்கெட் காசும் கொஞ்சம் அபராதமும் கட்டணும், அதோட கோர்ட்டு கலையற வரைக்கும் தண்டனைன்னு சொன்னார். அந்த அளவு காசு எங்க மடியில இருந்தது. தண்டனைங்கிற வார்த்தையைக் கேட்டதும் எங்கள்ல ஒருத்தி ஓன்னு அழ ஆரம்பிச்சிட்டா.

பொம்பளைப் போலீஸ் எங்களை எதிர்க் கோடிக்கு இட்டுக்கிட்டுப் போச்சு. "ஏங்கா அழற? ஜெயில் எல்லாம் இல்ல. கோர்ட்டு முடியற வரைக்கும் இங்க உட்காரணும், அவ்ளோதான்."

"எங்க?"

"இங்கதான். ஃபேனுக்கு அடியில."

அழுதவ மூக்கைச் சிந்திக்கிட்டு மேல பார்த்தா. ஃபேன் சுத்துது. "உட்கார்றதா தண்டனை?" என்று கேட்டா. காலையில இருந்து வெயில்ல உப்புத் தண்ணியில நிக்கிற பொழப்பு எங்களுது. நிழல்ல உட்கார்ந்தா மேஸ்திரி சத்தம் போடுவார். இங்க உட்காரலைன்னா சத்தம் போடுவாங்களாம். "அப்ப நம்ம மேஸ்திரியையும் புடிச்சாந்து விடுங்கம்மா, வருஷம் பூரா இங்கேயே இருக்கோம்"னு நாத்தனார் சொல்ல, ஏழு பேரும் முந்தானையை வாயில அடைச்சிக்கிட்டுக் குலுங்கினோம்.

எனக்குத்தான் முதல்ல சிரிப்பு அடங்கிச்சு. "கோர்ட்டு எப்போ முடியும்?" என்று மெதுவாக் கேட்டேன்.

"ஒண்ணு, ஒண்ணரை ஆயிடும்."

ராகு காலம் பன்னெண்டுக்கு. வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாடி. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா வாசல்ல கட்டின வாழைமரமே தெரியும் போல. ஆனா போக முடியாது. மூணாவது தடவையும் நேரம் தவறப் போகுது, இந்தத் தடவை நிஜமாவே என்னாலதான்.

நாத்தனார் டீ விக்கிறவரைப் புடிச்சு விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள். கொஞ்ச நேரத்துல வாசல்ல சம்பந்தியம்மா. பட்டுப்புடவை, மூச்சு வாங்குது. பின்னாடி என் பொண்ணு வயித்தைப் புடிச்சிக்கிட்டு. அவளுக்குப் பின்னாடி மாப்பிள்ளை, கையில் மணைப்பலகை.

சம்பந்தியம்மா வீட்டுக்காரர் ரயில்வேயில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அது எங்களுக்கும் தெரியும், ஸ்டேஷன்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். அதுதான் வினையே.

"எங்க வூட்ல ப்ளாட்பாரம் டிக்கெட் இல்லாம ஒருத்தரும் உள்ள கால் வச்சதில்ல" என்று பல்லைக் கடிச்சிக்கிட்டு ரகசியமாத் திட்டினாங்க. ரகசியமாத் திட்டறதும் கஷ்டம்தான், மூஞ்சி செவந்து போச்சு. "இப்பக் கூட எங்க மூணு பேருக்கும் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். சம்பந்தி, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

நான் வளையல் தாம்பாளத்தை அவங்க முன்னாடி நகர்த்தினேன்.

"சரி, மீதியைச் சாயங்காலம் திட்டிக்கிறேன்" என்றாங்க. "டேய், மணையைப் போடு."

"இங்கயாம்மா?" என்று மாப்பிள்ளை.

"வேற எங்க? பொண்ணோட ஆத்தா இங்கதானே ஜெயில்ல இருக்கா."

பொம்பளைப் போலீஸ் மேஜைப் பக்கம் பார்த்தது. அப்புறம் எங்களுக்கு முன்னாடி வந்து மறைவா நின்னுக்கிச்சு. "சத்தம் வரக் கூடாது, சொல்லிட்டேன்."

என் பொண்ணைக் கிழக்குப் பார்த்து மணையில உட்கார வச்சோம். சந்தனம், குங்குமம். அவளுக்கு வெட்கமும் சிரிப்பும். அந்தக் கோடியில ஜட்ஜையா ஒருத்தரை, "ஏன்யா மூணாவது தடவை?" என்று கேட்கிறார். இந்தக் கோடியில நாங்க மாலை போடறோம். சுவர் ஓரத்துக் காலேஜ் பசங்க கோர்ட்டைப் பார்க்கலை, எங்களைத்தான் பார்க்கிறாங்க.

வளையலை எடுத்து என் கையில் குடுத்தாங்க. பொண்ணுக்குக் கை வீங்கியிருந்தது. என் கையோ நடுங்குது. வளையல் விரல் முட்டி வரைக்கும் போயி நின்னுக்கிச்சு. திருப்பறேன், அழுத்தறேன், ஏறலை. அழுத்தினா உடைஞ்சிடும். உடைஞ்சா அதைவிடக் கெட்டது வேற இல்லை.

சரியா அந்த நேரத்துல அங்க நாற்காலி நகர்ற சத்தம். கேஸ் சீக்கிரம் முடிஞ்சு போச்சாம். ஜட்ஜையா பேப்பரை அடுக்கி வச்சிட்டு, மேஜை மேல கை ஊனிக்கிட்டார். குமாஸ்தா, "எல்லாரும் எழுந்திருங்க!" என்று சத்தம் குடுத்தார். ரூம்ல இருந்த அத்தனை பேரும் எழுந்தாங்க. என் பொண்ணும் பதறிப்போயி எழப் பார்த்தா. சம்பந்தியம்மா அவ தோளை அழுத்திப் புடிச்சிக்கிட்டு என்னைப் பார்த்தாங்க. வளையல் பாதியில நிக்கிறப்போ பொண்ணு மணையை விட்டு எழலாமா? ஆலம் சுத்தற வரைக்கும் எழக் கூடாது. அது எங்க பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். ஊரையே பேசி விக்கிறவ, அன்னைக்குப் பார்த்து வாயைத் திறந்தா காத்துதான் வருது.

அப்புறம் எப்படி நடந்ததுன்னு எனக்கே தெரியலை. உப்பளத்துல அந்தக் கரையில இருக்கிறவளைக் காத்துல கூப்பிடறோமே, அந்தக் குரல் வந்துடுச்சு.

"ஐயா எந்திரிக்காதீங்க! உட்காருங்க!"

பாதி எழுந்த ஜட்ஜையா அப்படியே உட்கார்ந்துட்டார். பொம்பளைப் போலீஸ் நெத்தியில கை வச்சிக்கிச்சு.

"என்னம்மா?" என்றார் ஜட்ஜையா.

"ஐயா, நீங்க எழுந்தா எல்லாரும் எழுந்திருக்கணுமாம். என் பொண்ணு எழக் கூடாதுங்க. வளையல் இன்னும் ஏறலைங்க. ராகு காலம் வருதுங்க. அதனால நீங்க கொஞ்சம் உட்கார்ந்திருங்க ஐயா." இவ்வளவும் நான்தான் சொன்னேன். என் பொண்ணு இன்னைக்கும் அப்படியே பேசிக் காட்டுவா.

போலீஸ் விலகிக்கிச்சு. ஜட்ஜையா மணையைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், தூக்கையெல்லாம் பார்த்தார். குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

"அடுத்த கேஸு?"

"முடிஞ்சிடுச்சுங்க ஐயா."

"நல்லாப் பாருங்க. எதனாச்சும் இருக்கும்."

குமாஸ்தா முழிச்சார். அப்புறம் அந்தத் தூங்கி வழியற ஆளை மறுபடியும் கூப்பிட்டார். "நான் அப்பவே கட்டிட்டேனே சார்" என்று அந்த ஆள். "பரவாயில்ல, இன்னொரு தடவை பேரைச் சொல்லு. மெதுவாச் சொல்லு" என்றார் ஜட்ஜையா. அந்த ஆள் பேரைச் சொன்னார். அப்பா பேரைச் சொன்னார். ஊர், தெரு, என்ன தொழில், எத்தனை பசங்கன்னு ஜட்ஜையா நிதானமாக் கேட்டுக்கிட்டே இருந்தார். அவரும் கை கட்டிக்கிட்டுச் சொல்லிக்கிட்டே இருந்தார்.

வெளியில ஒரு எக்ஸ்பிரஸ் நிக்காம அலறிக்கிட்டுப் போச்சு. தரை, ஜன்னல், தூக்கு மூடி எல்லாம் அதிர்ந்தது. அந்த அதிர்வுலயோ என்னவோ, என் விரல் நடுக்கம் நின்னு வளையல் வழுக்கிக்கிட்டு ஏறிடுச்சு. "ஏறிடுச்சு!" என்று சம்பந்தியம்மாதான் கத்தினாங்க, சத்தம் போடக் கூடாதுங்கிறதை மறந்துட்டு. சுவர் ஓரத்துப் பசங்க கை தட்டினாங்க. "சைலன்ஸ்" என்று குமாஸ்தா சொன்னார், அவரும் பல்லைக் காட்டிக்கிட்டு.

அப்புறம் சம்பந்தியம்மா, நாத்தனார், மத்தவங்கன்னு வரிசையாப் போட்டாங்க. வந்திருக்கிற பொம்பளைங்களுக்கும் போடணும் இல்லையா? பொம்பளைப் போலீஸ், "ட்யூட்டியில போடக் கூடாதுக்கா" என்று சொல்லிக்கிட்டே கையை நீட்டிச்சு. ஆலம் சுத்தினோம். நான் மேஜைப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஜட்ஜையா எழுந்தார். எல்லாரும் எழுந்தோம், என் பொண்ணும்தான். கோர்ட்டு கலைஞ்சுது. எங்க தண்டனையும் முடிஞ்சுது.

போறப்போ ஜட்ஜையா, "திரும்பிப் போகும்போது டிக்கெட் வாங்கிட்டு ஏறுங்கம்மா" என்றார். நாத்தனாருக்கு அப்பதான் வாய் திரும்பி வந்தது. "அந்த ஜன்னலைக் காட்டிட்டுப் போங்க ஐயா!"

தூக்கைத் திறந்தோம். புடிபட்டவங்க, புடிச்சவங்க எல்லாரும் சாப்பிட்டாங்க. டிடிஆர் புளிச் சாதத்தை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினார். பேரை மெதுவாச் சொன்ன ஆளுக்குச் சர்க்கரைப் பொங்கல் அதிகமாவே வச்சேன்.

ஐப்பசியில பேத்தி பொறந்தா. நல்லபடியா. இப்போ காலேஜ் போறா, பாஸ் எடுத்துக்கிட்டு ட்ரெயின்லதான்.

ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் தீரலை. முதல் வளையல் பன்னெண்டுக்கு முன்னாடி ஏறிச்சா, பின்னாடியா? சம்பந்தியம்மா முன்னாடின்னு அடிச்சுச் சொல்றாங்க. நாத்தனார் ராகு காலம் பொறந்தப்புறம்தான்கிறா. ரெண்டு பேரும் கல்யாணம் காட்சியில பார்த்தா இதே சண்டை. அன்னைக்கு ஒருத்தரும் மணி பார்க்கலை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த எக்ஸ்பிரஸ் போறப்போ ஏறிச்சு, அவ்வளவுதான். அந்த வருஷம் ஆவணியில, மத்தியான நேரத்துல செங்கல்பட்டுல நிக்காமப் போன வண்டி எது, எத்தனை மணிக்கு அது தாண்டும்னு ரயில்வே சங்கதி தெரிஞ்சவங்க யாராவது பார்த்துச் சொன்னா நல்லது. பன்னெண்டுக்கு மேலன்னு தெரிஞ்சா சம்பந்தியம்மா காதுக்கு மட்டும் போக வேணாம்.